குண்டின் மூக்கு

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு செய்தி மனப்பாடமே ஆகியிருக்கும். ஜவ்வாது மலையில் எங்கோ ஒரு ரோந்து. ஒருவரோ இருவரோ பிடிபடுவார்கள். உரிமம் இல்லாத நாட்டுத்துப்பாக்கி ஒன்று, கொஞ்சம் கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் இத்தனை என்று கைப்பற்றியவற்றின் பட்டியல் வரும். சில மாதம் கழித்து வேறொரு ஊர்ப்பெயரோடு அதே செய்தி. நடுநடுவே, இன்ன தேதிக்குள் ஒப்படைத்தால் வழக்கு கிடையாது என்று காவல்துறை அறிவிக்கும். ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் துப்பாக்கியை ஊர்ப் பொது இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் பட்டியலில் என் கண் போய் நின்றது பால்ரஸில். சைக்கிள் சக்கரத்தின் அச்சிலும் மோட்டார் பேரிங்கிலும் உருளும் எஃகு உருண்டை அது. சின்ன வயதில் கோலியோடு சேர்த்து நாம் எல்லோரும் ஒன்றிரண்டு வைத்திருந்தோம். தேயக்கூடாது, நசுங்கக்கூடாது என்பதற்காகவே கடினப்படுத்தப்பட்ட பொருள். துப்பாக்கிக் குண்டின் இருநூறு வருட வரலாறோ ஏறக்குறைய முழுக்க, நசுங்குவது எப்படி என்கிற கதை. எப்போது நசுங்க வேண்டும், எவ்வளவு நசுங்க வேண்டும், முக்கியமாக யார் உடம்புக்குள் நசுங்கலாம், யார் உடம்புக்குள் கூடாது என்கிற கதை. அதன் இன்றைய கடைசி அத்தியாயம், துளையுள்ள குண்டின் மூக்கில் செருகப்படும் சிவப்போ பச்சையோ நிறத்திலான சிறு பிளாஸ்டிக் முனை. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று கல்கத்தாவுக்குப் பக்கத்தில் நடந்தது. ஜவ்வாது மலைக்காரர்கள் இந்தக் கதையில் எங்கே நிற்கிறார்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நம் பத்திரிகைகளில் தோட்டா, குண்டு, ரவை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இங்கே தோட்டா என்றால் பித்தளைக் கூடு, மருந்து, முன்னால் பொருத்திய குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்பது குழலை விட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும். நாட்டுத்துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. வாய்வழியாக மருந்தைப் போட்டு, இடித்து, மேலே குண்டைப் போடுகிற ரகம் அது.

காவலூர் தொலைநோக்கியைப் பார்க்க இரண்டாவது முறை போனபோது, அங்கிருந்து ஜமுனாமரத்தூர் பக்கம் போய் ஒரு சிற்றூரில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். சாமை அறுவடை முடிந்திருந்த நேரம். வைத்திருந்த துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்துவிட்டார். அதனால் தயக்கமில்லாமல் பேசினார்.

“ஈயம் போட்டா பன்னி அங்கியே உக்காந்துரும் தம்பி. பால்ரஸு ஊசி மாதிரி இந்தாண்ட பூந்து அந்தாண்ட போயிரும். பன்னி ஓடிரும். மூணு நாள் கழிச்சு ஓடையில நாத்தம் வரும், அப்பத்தான் தெரியும்.”

“அப்புறம் ஏன் தாத்தா பால்ரஸ் போடறாங்க?”

“ஈயம் யாரு தரா? பால்ரஸு சைக்கிள் கடையில கெடைக்குது.”

குண்டியல் பாடப்புத்தகங்கள் பல பக்கம் எடுத்துக்கொண்டு விளக்குவதை அவர் முதல் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஈயம் மெத்தென்றது. சதையில் மோதினால் அடை போலத் தட்டையாகிறது. தட்டையானால் காயம் அகலம், கொண்டுவந்த வேகத்தை உடம்புக்குள்ளேயே செலவழித்து நின்றுவிடுகிறது. எஃகு உருண்டை வந்த வடிவத்திலேயே வெளியே போகிறது. விலங்கு சாகிறது, ஆனால் மெதுவாக, எங்கோ.

மலையடிவாரத்துச் செங்கத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் நடுகற்கள் இருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. ஆநிரை கவர்ந்த சண்டையில், மீட்ட சண்டையில் செத்தவர்கள். மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்தபடி நிற்கிற வீரர்களை அந்தக் கற்களில் பார்க்கலாம். எடுத்தனூர்க் கல்லில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் இறந்துபோன கருந்தேவக்கத்தியின் பக்கத்தில் அவன் நாய் கோவிவனும் செதுக்கப்பட்டிருக்கிறது. அம்பை உடம்பைத் துளைத்து வெளியேறுவதாக அல்ல, தைத்து நிற்பதாகவே சிற்பி காட்டியிருக்கிறான். எய்த பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்கிற கவனம் இந்த மலைக்கு வெடிமருந்தோடு வந்த ஒன்றல்ல.

ஈய உருண்டையின் பொற்காலம் குழலுக்குள் சுழல்வரி வெட்ட ஆரம்பித்ததும் முடிந்தது. சுழலும் குண்டு நீளமாக, முன்பக்கம் கூர்மையாக இருந்தால் தூரம் போகும், குறி தவறாது. ஆனால் நீளக் குண்டு கனம். கனமான குண்டு மெதுவாகப் போகும், வில் போல வளைந்து விழும். காட்டில் மான் நூறு கஜத்தில் நிற்கிறதா நூற்றைம்பதிலா என்று கணக்குப் போட வேட்டைக்காரனுக்கு நேரம் இல்லை. லண்டனின் ஜேம்ஸ் பர்டி 1850களில் இதற்கு ஒரு வழி கண்டார். குண்டின் எடையைக் குறை, மருந்தைக் கூட்டு. ரயிலின் பெயரை வைத்து இதை எக்ஸ்பிரஸ் என்றார்கள். எடையைக் குறைக்க வசதியான வழி மூக்கில் துளை போடுவது.

துளை போட்டதும் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பலன் கிடைத்தது. குண்டு சதையில் புகும்போது ஈரமான சதை அந்தத் துளைக்குள் அழுத்தமாக நிரம்பி, உள்ளிருந்து சுவரைத் தள்ளி, குண்டைக் காளான் மாதிரி விரிக்கிறது. சின்னக் குண்டு, பெரிய காயம். இந்தியாவிலிருந்த வெள்ளை அதிகாரிகளிடம் .450, .500 எக்ஸ்பிரஸ் ரைஃபிள்கள் பரவின. மானுக்கும் சிறுத்தைக்கும் அது பிரமாதமான கருவி.

இங்கே ஒரு சின்ன விஷயம், நம் தலைப்புக்கு நேராக வருவது. அந்தத் துளையை அப்படியே திறந்து விடாமல், பல எக்ஸ்பிரஸ் குண்டுகளில் ஒரு முனை மூடிய செப்புக் குழாயைச் செருகினார்கள். மூக்கு காற்றைக் கிழிக்கும் வடிவம் கெடாமல் இருக்கும். மோதும்போது விரிவதும் நடக்கும். துளைக்குள் வேறொரு பொருளாலான முனையைச் செருகும் யோசனை 19ஆம் நூற்றாண்டிலேயே முழுமையாக இருந்தது. பாலிமர் மட்டும்தான் இல்லை.

துளைக்குண்டின் குறையையும் அப்போதே பார்த்துவிட்டார்கள். சாமுவேல் பேக்கர் 1890இல் வெளியிட்ட தன் விலங்குகள் பற்றிய நூலில் துளைக்குண்டை விடாமல் திட்டுகிறார். பெரிய விலங்கின் தோலிலேயே விரிந்து சிதறிவிடுகிறது, உள்ளே போவதில்லை, மேற்புண்ணோடு விலங்கு தப்பி ஓடுகிறது என்பது அவர் புகார். புலிக்கு மெத்தென்ற ஈயத்தாலான திடக்குண்டே போதும் என்பார். சீக்கிரம் விரிந்தால் ஆழம் போகாது. விரியாவிட்டால் ஊசி போல வெளியே போய்விடும். குண்டு செய்கிற எல்லோரும் அன்றிலிருந்து இந்த இரண்டு குறைக்கும் நடுவில்தான் நடக்கிறார்கள்.

துளைக்குள் வெடிமருந்தே வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. சிந்து மாகாணத்தில் தன் பெயரில் ஜேக்கபாபாத் என்று ஊர் வைத்துக்கொண்ட ஜான் ஜேக்கப், மோதினால் வெடிக்கும் ரைஃபிள் குண்டுகளை அமைத்தார். தூரத்தில் நிற்கும் வெடிமருந்து வண்டிகளைத் தகர்ப்பது நோக்கம். மத்திய இந்தியக் காடுகளைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் ஃபோர்சைத் வேட்டைக்கு இதே போன்ற குண்டுகளைச் சிபாரிசு செய்தார். ரஷ்ய ராணுவமும் 1860களில் இப்படி ஒன்றைச் செய்து, பிறகு அதைப் பார்த்துத் தானே பயந்துபோனது. 1868இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நாடுகள் கூடி 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டுகளைப் போரில் மனிதர்மேல் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தன. போர் என்பது எதிரியைச் செயலிழக்க வைப்பதற்கு, அதற்கு மேல் வலியைக் கூட்ட அல்ல என்பது வாதம். புலிக்கு அது பொருந்தவில்லை. புலி எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

இனி டம்டம். கல்கத்தா விமான நிலையத்தில் இறங்கியவர்கள் எல்லோரும் அங்கே போயிருக்கிறார்கள். 1857 ஜனவரியில், என்ஃபீல்ட் தோட்டாவின் உறையில் தடவியிருக்கும் கொழுப்பு பற்றி ஒரு கலாசி ஒரு பிராமணச் சிப்பாயிடம் சொன்னதாக வரலாறு குறிக்கும் இடமும் இதே டம்டம்தான். அந்த ஊருக்கும் தோட்டாவுக்கும் அப்படியொரு ராசி.

பிரிட்டிஷ் ராணுவம் அதுவரை வைத்திருந்தது மார்டினி-ஹென்றி. .45 அங்குலம், 31 கிராம் ஈயம். பட்டவன் எழமாட்டான். 1888இல் அதை விட்டு .303க்கு மாறினார்கள். 14 கிராம் குண்டு, வேகம் அதிகம், அந்த வேகத்தில் குழலுக்குள் ஈயம் இழுகாமல் இருக்கச் சுற்றிலும் செம்பும் நிக்கலும் கலந்த உறை. உறை போட்ட குண்டு நசுங்கவில்லை. 1895 சித்ரால் படையெடுப்பில், குண்டு பட்ட பத்தான்கள் தொடர்ந்து ஓடி வருகிறார்கள் என்று புகார் கிளம்பியது. பெரியவர் பன்றியைப் பற்றிச் சொன்ன அதே புகார்தான். ஊசி மாதிரி இந்தாண்ட பூந்து அந்தாண்ட.

டம்டம் தொழிற்சாலையின் கண்காணிப்பாளராக இருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே செய்த மாற்றம் மிகச் சிறியது. மூக்கு நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உறையை விட்டுவிட்டார். அவ்வளவுதான். ஈயம் வெளியே தெரிந்தது, குண்டு விரிந்தது. 1897-98 திரா போரில் எல்லைப்புறத்தில் அது பயன்பட்டது. சூடான் படையெடுப்பில் சிப்பாய்கள் பாசறையில் உட்கார்ந்து, கையிலிருந்த பழைய மார்க் 2 குண்டுகளின் மூக்கைத் தாங்களே அரத்தால் தேய்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து மார்க் 4 வந்தது. அது மூக்கில் துளையே போட்ட ராணுவக் குண்டு. அதற்கு வேறு நோய். வெயிலில் சில சமயம் ஈயம் மட்டும் முன்னால் பறந்துபோக, காலி உறை குழலுக்குள் சிக்கிக்கொண்டது. அடுத்த குண்டைச் சுடுபவன் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் எதிர்ப்பு எழுந்தது. டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் பால் ஃபான் புருன்ஸ் சோதனைகள் நடத்தி, பயங்கரமான காயங்களைப் பதிவு செய்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புருன்ஸ் அந்த முதல் சோதனைகளில் பயன்படுத்தியது டம்டம் குண்டை அல்ல. ஈயம் நிறைய வெளியே தெரியும் வேட்டைக் குண்டுகளை. எங்கள் குண்டு அப்படிச் செய்யாது என்று பிரிட்டிஷார் கத்திப் பார்த்தார்கள், எடுபடவில்லை. கடைக்காரன் மானுக்காக விற்ற குண்டு, மனிதனுக்கான சட்டத்தை முடிவு செய்தது.

1899 ஹேக் மாநாட்டில் பிரிட்டன் சார்பில் ராணுவ நிபுணராகப் பேசியவர் சர் ஜான் ஆர்டா. வைஸ்ராயின் அந்தரங்கச் செயலாளராக இந்தியாவில் சில வருடம் இருந்தவர். அவர் வாதத்தின் சாரம் இது: நாகரிகமான சிப்பாய் சின்னக் குண்டு பட்டாலும் காயம்பட்டதை உணர்ந்து படுத்துக்கொள்வான், மருத்துவக் குழுவுக்காகக் காத்திருப்பான். காட்டுமிராண்டி அப்படியில்லை, ஈட்டியோடு ஓடி வந்துகொண்டே இருப்பான். எனவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும். நான் இதை முதன்முதலில் படித்தபோது இரண்டு முறை திரும்பப் படித்தேன். ஒளிவுமறைவே இல்லை. எக்ஸ்பிரஸ் துப்பாக்கிக்காரர்கள் விலங்குகளை மெல்லிய தோல், தடித்த தோல் என்று வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு சொல்வார்கள். ஆர்டா மனிதர்களை அதே மாதிரி வகை பிரித்தார்.

மாநாடு ஒத்துக்கொள்ளவில்லை. உறை முழுதாக மூடாத, அல்லது கீறல் போட்ட, உடம்பில் எளிதில் விரியும் குண்டுகளைத் தடைசெய்து 1899 ஜூலை 29 அன்று பிரகடனம் வந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரிட்டன் 1907இல்தான் இணங்கியது. ஆனால் பிரகடனத்தின் கடைசிப் பகுதியைக் கவனிக்க வேண்டும். கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். எல்லைப்புறப் பத்தான் எந்த நாடும் இல்லை. சூடான்காரனும் இல்லை. உள்நாட்டுப் போலீசுக்கும் அது பொருந்தாது.

சட்டத்தின் எழுத்துக்குள் நின்றுகொண்டே அதன் நோக்கத்தைச் சுற்றிப்போவது எப்படி என்பதற்கு 1910இல் வந்த மார்க் 7 குண்டு நல்ல உதாரணம். என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். வாடிக்கையாளர் கொடுத்த விவரக்குறிப்பை வரிக்கு வரி நிறைவேற்றி, அவர் கேட்டதைத் தவிர எல்லாம் செய்யும் மென்பொருள். மார்க் 7 முழுக்க உறை போட்டது. கூரான மூக்கு. வெளியே ஈயம் துளிகூடத் தெரியாது. ஆனால் உறைக்குள்ளே மூக்குப் பகுதியில் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியம். போர்க்காலத் தட்டுப்பாட்டில் மரக்கூழ்கூட வைத்தார்கள். முன்பக்கம் லேசு, பின்பக்கம் கனம். காற்றில் சுழற்சி அதை நேராகப் பிடித்து வைக்கும். உடம்பில் புகுந்ததும் பின்பக்கம் முந்திக்கொள்ள, குண்டு குப்புறப் புரளும். விரியவில்லை, ஆனால் அகலமாகக் கிழித்தது. மூக்கில் வேறு பொருளை வைக்கும் அதே தந்திரம்தான், இந்த முறை உறைக்குள் ஒளித்து. புனேக்குப் பக்கத்துக் கிர்க்கியில் அவை லட்சக்கணக்கில் உருவாயின. சுதந்திரத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நம் போலீஸ் ஸ்டேஷன்களில் இருந்தது .303தான்.

வேட்டைப் பக்கம் எந்தத் தடையும் இல்லாததால் அங்கே யோசனைகள் வெளிப்படையாகவே நடந்தன. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹாக்ஸி என்ற பெயரில் ஒரு குண்டு விற்றார்கள். அதன் மூக்குத் துளைக்குள் இருந்தது ஒரு சின்ன எஃகு உருண்டை. ஆம், பால்ரஸ்தான்! மோதும்போது உருண்டை பின்னால் தள்ளப்பட்டு, ஆப்பு மாதிரி இறங்கி, ஈயத்தை விரிக்கும். ஜவ்வாது மலையில் தானே குண்டாகப் போகும் அதே பொருள், அங்கே குண்டை விரிக்கும் ஆப்பு. எஃகு நசுங்காது என்பது அங்கே குறை அல்ல, அதுதான் வேலையே.

பிறகு ரெமிங்டன் கம்பெனி வெண்கல முனை வைத்தது. கனடாவின் டொமினியன் கம்பெனி பிளாஸ்டிக் முனையை முயன்றது. ஆனால் கதையைத் திருப்பியது ஜான் நாஸ்லர் என்ற லாரிக்காரர். 1946இல் கனடாக் காட்டில் சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு மூஸ் மானைச் சுட்டார். குண்டுகள் தோலிலேயே சிதறின, மான் விழவில்லை. 56 வருடம் முன்னால் பேக்கர் எழுதிவைத்த அதே புகார். குண்டின் நடுவில் ஒரு தடுப்புச்சுவர் வைத்து, முன்பாதி விரிய, பின்பாதி அப்படியே ஆழமாகப் போகும் குண்டை அவர் செய்தார். அவர் கம்பெனி 1984இல் கொண்டுவந்ததுதான் இன்றைய பாலிமர் முனைக்கு முன்னோடி. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம்.

அந்த முனை ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. திறந்த துளையின் விளிம்பு கரடுமுரடாக இருக்கும், காற்று அதில் சிக்கும். முனை அதை மூடிக் கூர்மையாக்குகிறது. ஈய மூக்குள்ள குண்டுகள் துப்பாக்கியின் உள்ளறையில் ஒவ்வொரு உதைப்புக்கும் முட்டி மழுங்கும், பிளாஸ்டிக் மழுங்காது. மூன்றாவது, மோதும்போது ஆப்பு. தூரத்தில் வேகம் குறைந்த பிறகு வெறும் துளை சில சமயம் விரியாது, முடியும் தோலும் அதை அடைத்துக்கொள்ளும். முனை இருந்தால் விரிவது உறுதியாகிறது.

பழைய துளைக்குண்டு வரிசைகளுக்கு இப்படி முனை சேர்ப்பது அதன்பின் வழக்கமாயிற்று. இதில் எனக்குப் பிடித்தது சியராவின் மேட்ச்கிங். இலக்குப் போட்டிக்கான குண்டு அது. அதன் மூக்குத் துளை விரிவதற்காக வைத்தது அல்ல. உறையைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்து மூடும் செய்முறையில் கடைசியில் மிச்சமாகும் ஓட்டை. அமெரிக்க ராணுவம் அதைப் பயன்படுத்த விரும்பியபோது, ஹேக் பிரகடனத்தை இது மீறுகிறதா என்ற கேள்வி வந்தது. 1990இல் அவர்கள் சட்டப்பிரிவு நீண்ட விளக்கம் எழுதி, இந்தத் துளை வேறு, அந்தத் துளை வேறு என்று முடித்தது. பிறகு அதே மேட்ச்கிங்குக்கு முனை வைத்த வடிவமும் கடைக்கு வந்தது. முனை வைத்தால் குண்டு நீளும், நீண்டால் எடைமையம் மாறும், அதை நிலையாகச் சுழற்ற குழலின் சுழல்வரி இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும். பழைய துப்பாக்கியில் புது முனைக்குண்டு தள்ளாடும். சின்ன ஒட்டு, பெரிய விளைவு.

2015 வாக்கில் ஹார்னடி கம்பெனியின் பொறியாளர்கள் டாப்ளர் ரேடாரால் பறக்கும் குண்டைத் தொடர்ந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. நீண்ட தூரப் பயணத்தில் காற்று உராய்ந்த சூட்டில் பிளாஸ்டிக் முனை இளகி வடிவம் கெடுகிறது. முப்பது வருடம் யாரும் கவனிக்காத விஷயம். வெப்பம் தாங்கும் வேறு பாலிமர் வந்தது.

இதற்கெல்லாம் மேலே ஈயப் பிரச்சினை. விரியும் ஈயக்குண்டு சிதறிய துகள்களை இறைச்சியில் விட்டுச் செல்கிறது. வேட்டைக்காரன் விட்டுப்போன குடலைத் தின்று கலிஃபோர்னியாவின் காண்டோர் பிணந்தின்னிக் கழுகுகள் செத்தன. 2013இல் சட்டம் போட்டு, 2019 ஜூலையிலிருந்து அந்த மாகாணத்தில் வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது. பதிலாக வந்த முழுச் செப்புக்குண்டு ஈயத்தைவிடக் கடினம், தானாக விரியாது. அதற்குத் துளையும் ஆழமாக வேண்டும், பாலிமர் ஆப்பும் உதவ வேண்டும். அலங்காரமாகத் தோன்றிய முனை அத்தியாவசியமாகிவிட்டது.

இவ்வளவையும் சொன்னது, இது எல்லாமே மலைக்கு மேலே ஏறாமல் போன வரலாறு என்பதால்தான்.

1878 ஆயுதச் சட்டம், லிட்டன் பிரபுவின் கொடை. இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. குடகர்களுக்குத் தனி விலக்கு கிடைத்தது. அது இன்னும் நீடிக்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு, காஞ்சியிலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொண்டு சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்களுக்கு, அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்பிரஸ் ரைஃபிள் வைத்திருந்தவர்கள் மலைக்கு விருந்தாளியாக வந்துபோனார்கள். பக்கத்து ஏலகிரியில் ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடிப்போன கதையைக் கென்னத் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். கூடவே நடந்து தடம் காட்டியவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் கத்தியும் கம்பும்.

பழைய மார்டினி-ஹென்றிகளுக்கான குண்டு கிளர்ச்சிக்காரர் கையில் சேர்ந்துவிடக்கூடாது என்ற பயம் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வேட்டைத் துப்பாக்கிகளின் அளவையே மாற்றியது. .450 தடை செய்யப்பட்டதால் லண்டன்காரர்கள் அவசரமாக .465, .470 என்று புது அளவுகள் செய்தார்கள். சுதந்திர இந்தியாவும் ராணுவ அளவுகளைச் சாதாரண மக்களுக்கு மூடியே வைத்தது, அரசுத் தொழிற்சாலை.315 ரைஃபிளை விற்றது. காசும் சிபாரிசும் உள்ளவர்களுக்கு அது.

1959 ஆயுதச் சட்டத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. 13ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால் உரிமம் தர வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் பரண்மேல் படுத்திருக்கும் ஒருவனை நினைத்துத்தான் அதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் உரிமம் என்பது தாலுக்கா அலுவலகம், போலீஸ் அறிக்கை, ஆட்சியர் அலுவலகம், திரும்பத் திரும்ப மலை இறங்கி ஏறுவது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு, உரிமம் வாங்கினாலும் எதைச் சுடுவது என்ற கேள்வி. அதனால் துப்பாக்கி கள்ளத்துப்பாக்கி ஆயிற்று, கடையில் ஈயம் கேட்டால் சந்தேகம் வரும் என்பதால் பால்ரஸ் குண்டாயிற்று. வேட்டை நிற்கவில்லை. காயம்பட்டு ஓடும் பன்றிகள்தான் கூடின.

பன்றி சாதாரண எதிரி அல்ல. ஒரு கூட்டம் ஒரு ராத்திரியில் மரவள்ளிக் கொல்லையை உழுதுவிடும். துப்பாக்கி பிடுங்கப்பட்ட இடத்தில் அவுட்டுக்காய் வருகிறது. தீனிக்குள் வைத்த வெடி. கடித்தால் தாடை சிதறும். பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கும், நாய் கடிக்கும், யானைகூடக் கடித்து, வாய் அழுகி, தின்ன முடியாமல் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். 1868இல் பீட்டர்ஸ்பர்க்கில் மனிதனுக்கு வேண்டாம் என்று விலக்கிய வெடிகுண்டு இது. விலங்கை உடனே கொல்வதற்காக மூக்கில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து முப்பது வருடம் திருத்தித் திருத்தி ஆராய்ச்சி நடக்கும் உலகத்தில்தான் இதுவும் நடக்கிறது. வேட்டையை ஆதரித்து இதை எழுதவில்லை. நான் புலால் உண்பவன், பன்றியை என் கையால் கொன்றதில்லை, அந்த வசதியில் இருந்துகொண்டு பேசுகிறேன். ஆனால் தடை என்ற சொல் காகிதத்தில் ஒரு விலங்கைக் காப்பாற்றும்போது காட்டில் அதன் சாவை மூன்று நாள் நீட்டுகிறது என்றால், அதைக் கருணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. சமவெளி விவசாயிகளுக்கு இது ஏதோ ஒரு வழி. பெரியவரிடம் பேசியது இந்த அறிவிப்புக்குச் சில மாதம் பின்னால். அவர் அதைக் கேள்விப்பட்டிருந்தார். எழுந்து என்னை வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். சாணி மெழுகிய களம், அதையடுத்து ஒரு முருங்கை மரம், அதையடுத்து வெள்ளை அடித்த வனத்துறை எல்லைக் கல். நான் அடி போட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று.